பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீங்களா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதியது. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

நாலு மாசத்துக்கு முன்னாடி, நான் வாங்கின ஒரு விரிப்பைப் பத்திப் பேசியிருந்தேன். ஞாபகம் இருக்கா? ஒரு கண்காட்சியில 18,000 ரூபாய்க்கு, இ.எம்.ஐ. போட்டு வாங்கினது. சிவப்பும் கருநீலமுமா இருக்கும். கூடவே ஒரு அட்டை கொடுத்தாங்க. நூறு வருஷம் பழசு, பழங்குடிப் பெண்கள் கையால நெய்தது, நடுவுல இடுப்புல கை வச்சு நிக்கிற உருவம் ஆதித்தாய், அது இருக்கிற வீட்டைக் காப்பாத்தும்னு அதுல எழுதியிருந்தது. அந்த அட்டையை அப்படியே நம்பி, இருபத்தஞ்சு நிமிஷம் பேசினேன். நல்லாவும் ஓடுச்சு அந்த எபிசோட்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒருத்தர் மெயில் அனுப்பினார். ஒரே வரி. "ப்ரோ, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீங்களா?"

திருப்பினேன். பின்பக்கம் முழுக்க ஒரு துணி ஒட்டியிருந்தது. ஓரத்தைக் கொஞ்சம் பிரிச்சா, உள்ள காய்ஞ்சுபோன பசை.

கையால முடிச்சுப் போட்ட விரிப்புல பின்பக்கத்தை மறைக்கவே முடியாது. முன்னாடி என்ன டிசைனோ, அது பின்னாடியும் முடிச்சு முடிச்சாத் தெரியும். பாவு நூல்தான் நீண்டு ரெண்டு முனையிலயும் குஞ்சமா வெளிய வரும். என்னோடதுல குஞ்சத்தைத் தனியாத் தச்சிருந்தாங்க. அதாவது, விரிச்சுக் கட்டின துணியில துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால நூலைக் குத்தி, பின்னாடி பசை தடவி, மேல இன்னொரு துணி ஒட்டுற முறை. அதுவும் உழைப்புதான், அதைக் குறை சொல்லலை. ஆனா அது 20ஆம் நூற்றாண்டுல வந்த முறை. நூறு வருஷப் பழங்குடி நெசவுன்னு அதை விக்கிறது பொய். அந்தப் பொய்யை மைக் வச்சு ஆயிரக்கணக்கான பேருக்குச் சொன்னது நான். அதுக்குத்தான் மன்னிப்பு.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. விரிப்பு பொய். சரி, அந்த ஆதித்தாய் கதை? அதாவது உண்மையா? அதைத் தேடிப் போனதுதான் இன்னைக்கு எபிசோட். துருக்கியில ஆரம்பிச்சு, கடைசியில பெரம்பலூர்ல எங்க அப்பாயி வீட்டு மோட்டார் கொட்டகையில வந்து நிக்கும். பொறுமையாக் கேளுங்க.

துருக்கியில முடிச்சு இல்லாம, தட்டையா நெய்யுற விரிப்புக்குக் கிலிம்னு பேரு. அதுல அந்த இடுப்புல கை வச்ச உருவம் உண்மையிலேயே இருக்கு. அங்க அதுக்கு 'எலி பெலிந்தே'ன்னு சொல்றாங்க. அர்த்தமே 'கை இடுப்பில்'தான். அது எப்படி ஆதித்தாய் ஆச்சு?

ஜேம்ஸ் மெல்லார்ட்னு ஒரு பிரிட்டிஷ் தொல்லியலாளர். 1960களோட தொடக்கத்துல துருக்கியில சாத்தல்ஹூயுக்னு ஒரு இடத்தைத் தோண்டினவர். எட்டாயிரம், ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முந்தின ஊர் அது. சுவர் ஓவியங்கள் கிடைச்சது. உலகமே திரும்பிப் பார்த்த அகழாய்வு. கால் நூற்றாண்டு கழிச்சு, 1989ல, அவரும் வேற ரெண்டு பேரும் சேர்ந்து 'அனத்தோலியாவின் பெண்தெய்வம்'னு நாலு பாகமா ஒரு புத்தகம் போட்டாங்க. அதுல, அதுவரைக்கும் யாரும் பார்க்காத சுவர் ஓவியங்களோட வரைபடங்கள். பார்த்தா அச்சு அசல் கிலிம் டிசைன். அப்போ இன்னைக்குத் துருக்கிப் பெண்கள் நெய்யுற உருவம் கற்காலத்துத் தாய்த்தெய்வம்தான்னு வாதம். விரிப்பு விக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? பிடிச்சுக்கிட்டாங்க.

ஒரே ஒரு பிரச்சினை. அந்த ஓவியங்களுக்கு ஃபோட்டோ கிடையாது. அவர் வரைஞ்ச படங்கள் மட்டும்தான்.

மார்லா மாலட்னு ஒரு அமெரிக்கப் பெண். பழைய நெசவுத் துணிகளை ஆராய்ஞ்சு, வாங்கி விக்கிறவங்க. நெய்யவும் தெரிஞ்சவங்க. 1990ல ஒரு கட்டுரை எழுதினாங்க. தெய்வம் உண்டா இல்லையான்னு அவங்க சண்டை போடலை. தறியை வச்சுக் கேட்டாங்க. இந்த டிசைன் அந்தத் தறியில எப்படி வரும்?

இது கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா அழகா இருக்கும். கிலிம்ல ஒவ்வொரு நிறத்து ஊடை நூலும் தன்னோட இடத்துக்குள்ளேயே போய்ட்டுத் திரும்பும். சிவப்பும் நீலமும் பக்கத்துல பக்கத்துல வந்தா, சிவப்பு ஒரு பாவு நூலைச் சுத்தித் திரும்பிடும், நீலம் அடுத்த பாவு நூலைச் சுத்தித் திரும்பிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு கீறல் மாதிரி இடைவெளி விழும். நேர்க்கோடா மேல நெய்துக்கிட்டே போனா அந்தக் கீறல் நீளமாகி, துணியே கிழிஞ்ச மாதிரி ஆயிடும். அதனால நெய்யுறவங்க சில வரிசைக்கு ஒருதடவை நிறத்தோட எல்லையை ஒரு பாவு தள்ளி வைப்பாங்க. தள்ளித் தள்ளி வச்சா என்ன ஆகும்? படிக்கட்டு. படிக்கட்டு சாய்கோடு ஆகும். ரெண்டு சாய்கோடு சேர்ந்தா முக்கோணம், நாலு சேர்ந்தா டைமண்ட். ஊர் ஊரா, நாடு நாடா, கிலிம் எல்லாத்துலயும் டைமண்ட் இருக்கிறதுக்கு முதல் காரணம் இதுதான். டிசைன் தறியிலருந்து வளருது. மெல்லார்ட் காட்டின உருவங்கள் பல, அப்படி ஒரு தறியிலருந்து இயல்பா வளர முடியாதவைன்னு அவங்க காட்டினாங்க.

மெல்லார்ட் 2012ல இறந்தார். 2018ல, லண்டன்ல அவரோட வீட்டுல இருந்த காகிதங்களைப் பார்த்த எபர்ஹார்ட் சாங்கர்ங்கிற ஆய்வாளர், அந்தச் சுவர் ஓவியங்கள்ல சிலதுக்கு அவர் போட்டுப் பார்த்த முன்வரைவுகளே அங்க இருந்ததுன்னு வெளிய சொன்னார். அதாவது, ஓவியங்களை அவரே உருவாக்கியிருக்கார்.

நம்ம வேலையில ஒரு பாடம் சீக்கிரமே கத்துக்குவோம். புரோகிராம்ல மேல எழுதியிருக்கிற கமெண்ட்டை நம்பாதே, கோடைப் படி. கமெண்ட்டை எப்பவோ, யாரோ, கோடைப் பார்க்காமலே எழுதியிருக்கலாம். என் விரிப்போட வந்த அட்டை ஒரு கமெண்ட். திருப்பிப் பார்த்திருந்தா கோட் அங்கேயே இருந்தது.

உடனே 'அப்போ எந்த டிசைனுக்கும் அர்த்தம் இல்லை, எல்லாம் வியாபாரம்'னு முடிவுக்குப் போயிடாதீங்க. அதுவும் தப்பு.

துர்க்மெனிஸ்தான் கொடியைப் பாருங்க. இடது பக்கம் ஒரு செங்குத்துப் பட்டையில அஞ்சு கம்பள உருவங்கள் இருக்கும். 1992லருந்து அப்படித்தான். அந்த உருவத்துக்கு 'கோல்'னு பேரு. தேக்கே, யோமுத்னு ஒவ்வொரு துர்க்மென் இனக்குழுவுக்கும் அடையாளமான கோல் உண்டு. ஆப்கானிஸ்தான்ல 1979ல சோவியத் படை நுழைஞ்ச பிறகு, பூவும் செடியும் நெய்த கைகள் டாங்கியும் ஹெலிகாப்டரும் கலாஷ்னிகோவும் நெய்ய ஆரம்பிச்சது. அதுக்கு அட்டை தேவையா? நம்ம நீலகிரியில தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில சிவப்பு, கறுப்பு நூலால போடுற பூவேலைக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சது. துணியில எதையும் வரைஞ்சுக்க மாட்டாங்க, இழையை எண்ணி எண்ணித்தான் போடுவாங்க. எருமைக் கொம்புன்னு அவங்க ஒரு டிசைனைக் காட்டினா அது எருமைக் கொம்புதான். எருமையோட வாழ்றவங்க சொல்றாங்க.

அப்போ கேள்வி 'அர்த்தம் இருக்கா'ங்கிறது இல்லை. 'யார் சொல்றாங்க'ங்கிறதுதான். சொல்றவங்க இல்லாமப் போயிட்டா நாம என்ன செய்ய முடியும்? 1949ல சைபீரியாவோட அல்தாய் மலையில, பசிரிக்ங்கிற இடத்துல ஒரு கல்லறையை ருதென்கோங்கிற ரஷ்ய அறிஞர் தோண்டினார். உள்ள பனியில உறைஞ்சு ஒரு கம்பளம். சுமார் 2,400 வருஷம் பழசு. நமக்கு முழுசாக் கிடைச்ச முடிச்சுக் கம்பளங்கள்ல அதுதான் ரொம்பப் பழசு. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இடத்துல சுமார் 3,600 முடிச்சு. ஓரத்துல குதிரைக்காரங்க, உள்ள மான்கள், எல்லாம் வரிசையா. இன்னைக்கு ஹெர்மிடாஜ் மியூசியத்துல இருக்கு. ஏன் மான், ஏன் குதிரைன்னு புத்தகம் புத்தகமா எழுதலாம். ஆனா நெய்தவங்ககிட்டக் கேக்குற வாய்ப்பு 2,400 வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு.

இதெல்லாம் படிச்சுக்கிட்டு, ரொம்ப புத்திசாலியா ஆயிட்டதா நினைச்சுக்கிட்டு இருந்தப்பதான் அப்பா ஃபோன் பண்ணார். "ஊரு வீட்ட இடிக்கப்போறோம்டா. உன் சாமான் எதாச்சும் கெடந்தா வந்து எடுத்துக்க."

எங்க ஊர் பெரம்பலூர் மாவட்டம், குன்னம் பக்கம் ஒரு சின்னக் கிராமம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். போனேன். என் சாமான்னு பெருசா ஒண்ணும் இல்லை. மோட்டார் கொட்டகையைக் காலி பண்ணும்போது, பழைய மோட்டார் மேல ஏதோ கறுப்பா மூடியிருந்தது. இழுத்தா ஒரு கம்பளி. தடிமனா, கரடுமுரடா, கிரீஸ் வாடையோட. நடுவுல நீளமா ஒரு தையல், ரெண்டு பட்டையைச் சேர்த்துத் தச்சது. ஒரே ஒரு முனையில மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. வேற டிசைன் எதுவும் கிடையாது.

பழக்கதோஷம், திருப்பிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தது. அதுக்குப் பின்பக்கம்னே ஒண்ணு இல்லை.

அப்பாயிகிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். "அட, இது எங்கடா கெடந்துச்சு? இது கெடக்காரங்க குடுத்தது"ன்னாங்க. சிட்டியில வளர்ந்தவங்களுக்காகச் சொல்றேன். அறுப்பு முடிஞ்சதும் ஆட்டு மந்தையை ராத்திரியில வயல்ல அடைச்சுப் போடுவாங்க. அதுக்குத்தான் கிடை போடுறதுன்னு பேரு. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். பதிலுக்கு நிலத்துக்காரர் தானியம் கொடுப்பார். அப்படி ஒரு வருஷம் எங்க தாத்தா கூடக் கொஞ்சம் சோளம் அளந்துபோட்டு, ஒரு கம்பளி கேட்டு வாங்கியிருக்கார்.

"ஒங்கப்பன் பொறந்தது அடமழ. வீடெல்லாம் ஒழுகுது. பத்து நாளு இதுலதான் சுருட்டி வச்சிருந்தேன் அவன."

பக்கத்துல நின்ன எங்க அப்பாவுக்கு இது தெரியாது. அந்தக் கம்பளியை மோட்டார் மேல போட்டதே அவர்தான். ஒண்ணும் பேசலை. வெளிய போய் நின்னுக்கிட்டார்.

நான் கேட்டேன், "இந்த வெள்ளைக் கோடு எதுக்கு அப்பாயி?"

"எனக்கென்னடா தெரியும்? நெஞ்சவனப் போயிக் கேளு."

மெல்லார்ட்டைப் பத்தி நான் படிச்ச அத்தனையும் அப்பாயி ஒரே வரியில சொல்லிட்டாங்க.

ஊருக்குள்ள விசாரிச்சதுல, அரியலூர் மாவட்டம் செந்துறை பக்கம் முன்னாடி கம்பளி நெய்த ஒரு குடும்பம் இருக்குன்னு சொன்னாங்க. கம்பளியைச் சுருட்டி வண்டியில கட்டிக்கிட்டுப் போனேன். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவுல ஓட்டிக்கிட்டே போனா, நம்ம மண்ணுல கம்பளியான்னு எனக்கே ஆச்சரியமா இருந்தது. அக்னி நட்சத்திரத்துல மண்டை காயுற ஊர் இது.

ஆனா இருக்கு. நம்ம நாட்டு ஆட்டு இனங்கள்ல மேச்சேரி, சென்னைச் சிவப்பு, வேம்பூர், கீழக்கரிசல்னு பல இனங்களுக்கு உடம்புல வெறும் முடிதான். கம்பளி ரோமம் தர்ற இனங்கள் கொஞ்சம்தான். அதுல ஒண்ணு திருச்சி கருப்பு. அதோட சொந்த ஊரே பெரம்பலூர், அரியலூர், கள்ளக்குறிச்சி, தர்மபுரி வட்டாரம்தான். உடம்பு முழுக்கக் கறுப்பு. ரோமம் ரொம்ப முரடு, ஸ்வெட்டருக்கு ஆகாது. கம்பளிக்குப் போதும், சாயமும் தேவையில்லை. தமிழ்ல இந்த ரோம ஆட்டுக்குக் குறும்பாடுன்னே ஒரு பழைய பேர் உண்டு. ஆடு மேய்க்கிற குரும்பர் சமூகத்துல கம்பளி நெசவு தலைமுறை தலைமுறையா வந்த தொழில்.

அந்த வீட்டு ஐயாவுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். நான் கம்பளியை விரிச்சதும் பேசவே இல்லை. மோந்து பார்த்தார். கட்டைவிரலால ஓரத்தை நெருடிக்கிட்டே போனார். அப்புறம் கேட்டார், "கிரீஸ் எப்புடி தம்பி ஆச்சு?" எனக்குப் பதில் சொல்ல வெக்கமா இருந்தது. சொன்னேன்.

அவங்க அப்பா நெய்தவர். இவர் சின்ன வயசுல கூட இருந்து வேலை செஞ்சிருக்கார். கத்தரிச்ச ரோமத்தை வில்லால அடிச்சுப் பஞ்சாக்குறது, பெண்கள் நூல் நூக்குறது, பாவை வெளிய நீட்டிக் கட்டிப் புளியங்கொட்டைக் கூழ் தடவிக் காயவைக்கிறது, குழித்தறியில நெய்யுறதுன்னு வரிசையாச் சொன்னார். கையால காத்துலயே நெய்து காட்டினார். ரோமத்துல இயற்கையாவே ஒரு எண்ணெய்ப் பசை இருக்கு. அதனால மழைத் தண்ணி சட்டுனு இறங்காம உருண்டு ஓடும். ஒரு மூலையை உள்ள மடிச்சுக் கொங்காணி மாதிரி தலையில போட்டுக்கிட்டா, ஆட்டோட ராத்திரி முழுக்க மழையில நிக்கலாம்.

நான் வெள்ளைக் கோட்டைக் காட்டிக் கேட்டேன்.

"அது தலமாடு தம்பி. காட்டுல வெளக்கு ஏது? இருட்டுல வெள்ளதான் கண்ணுக்குத் தெரியும். கோடு இருக்கிற பக்கம் தலைக்கு. இல்லன்னா காலுல கெடந்தத மூஞ்சில போத்துவ."

எனக்குச் சந்தோஷம் தாங்கலை. கிடைச்சிருச்சு பதில். அப்போ உள்ள இருந்து அவர் வீட்டம்மா சத்தமாச் சொன்னாங்க. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க மாமனாரு ஒரு மாதிரி கோடு வப்பாரு, அவரு தம்பி ஒரு மாதிரி வப்பாரு. சந்தையில யாரு சரக்குன்னு தெரியணும்ல."

ஐயா, "உனக்கென்ன தெரியும்"ன்னார். அம்மா, "நூலு நூத்தது யாரு, நீயா?"ன்னாங்க. பத்து நிமிஷம் ரெண்டு பேரும் சண்டை. ரெண்டுமே உண்மையா இருக்கலாம். அட்டை எழுதுறவரா இருந்தா ரெண்டுல அழகானதைத் தேர்ந்தெடுத்துட்டு இன்னொண்ணை விட்டிருப்பேன். போன தடவை நான் பண்ணதும் அதுதான். இந்தத் தடவை ரெண்டையும் சொல்லிட்டேன்.

இப்போ தறி இல்லை. குழியை மூடி சிமெண்ட் பூசி, அது மேல டிவி ஸ்டாண்ட் நிக்குது. ஆடு இருக்கு, கறிக்கு. ரோமத்தைக் கத்தரிச்சு வேலியோரம் கொட்டிடுறாங்களாம், வாங்க ஆள் இல்லை. பழைய கம்பளித் துணியைக் கிழிச்சு மறுபடி நூலாக்கிச் செய்யுற பானிபட் போர்வை மலிவா வந்ததுக்கப்புறம் இதை யார் கேப்பாங்கன்னு கேட்டார்.

"மறுபடி ஒண்ணு நெய்ய முடியுமா ஐயா?"

"பாவு நீட்ட நாலு பேரு வேணும். நூக்க ஆளு வேணும். நீ வேலைய வுட்டுட்டு வர்றியா?"

சிரிச்சார். நானும் சிரிச்சேன். என்கிட்டப் பதில் இல்லை.

கிளம்பும்போது சொன்னார், "ஒரு அஞ்சு வருசம் முன்ன வந்திருக்கக் கூடாதா? எங்க சித்தப்பா இருந்தாரு. அவரு தறியில உக்காந்தே பொழச்ச மனுசன். நான் சும்மா கூடமாட இருந்தவன்."

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் எங்க இருந்தேன்? பெங்களூர்ல. நல்ல சம்பளத்துல. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்கு வந்து, அந்த மோட்டார் கொட்டகையைத் தாண்டிப் போய், போர் அடிக்குதுன்னு ஃபோனை நோண்டிக்கிட்டு. பசிரிக் கம்பளத்தை நெய்தவங்ககிட்ட நம்மால கேக்க முடியாது. அது யார் தப்பும் இல்லை. இது அப்படி இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். பழைய எபிசோடை நான் நீக்கலை. ஆரம்பத்துலயே ஒரு திருத்தம் பேசிச் சேர்த்திருக்கேன். செந்துறையில ரெண்டு பேரும் சம்மதிச்சு, நாற்பது நிமிஷம் ஒலிப்பதிவு பண்ணேன். அதோட ஒரு பிரதி முதல்ல அவங்க பேரப்பசங்க ஃபோனுக்குப் போயிடுச்சு.

விரிப்பு வாங்கப் போறவங்களுக்கு மூணு விஷயம். திருப்பிப் பாருங்க. டிசைன் பின்னாடி தெரியலைன்னா, துணி ஒட்டியிருந்தா, அது முடிச்சுக் கம்பளம் இல்லை. குஞ்சம் பாவுல இருந்து வருதா, தனியாத் தச்சதான்னு பாருங்க. உதிர்ந்த ஒரு இழையைப் பத்தவச்சா கம்பளி முடி கருகுற வாடை அடிக்கும், செயற்கை இழை உருகும். இந்த மூணும் அது எதால, எப்படிச் செஞ்சதுன்னுதான் சொல்லும். கதையைச் சொல்றவங்ககிட்ட, இதை உங்களுக்கு யார் சொன்னாங்கன்னு கேளுங்க.

வாங்கப் போறது இல்லையா? அப்போ இந்த வாரம் ஊருக்கு ஒரு ஃபோன் போடுங்க. வீட்டுல பழைய ஜமக்காளமோ பாயோ கம்பளியோ எது இருந்தாலும் சரி. இது எங்க வாங்கினது, யார் நெய்ததுன்னு ஒரே ஒரு கேள்வி. பதிலை ரெக்கார்ட் பண்ணிக்கோங்க.

அந்தக் கம்பளியைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஹால் சுவத்துல மாட்டணும்னு எனக்கு ஆசை. அப்பாயிகிட்டக் கேட்டேன். "போத்துறத ஏண்டா ஆணி அடிச்சு மாட்டுற?"ன்னாங்க. அப்பா அதை ரெண்டு நாள் சீயக்காய்த் தண்ணியில ஊறவச்சு அலசினார். கிரீஸ் முழுசாப் போகலை. இப்போ வாடகை வீட்டுல, அப்பாயி கட்டில்ல கிடக்கு. வெள்ளைக் கோடு எந்தப் பக்கம்னு அப்பாதான் பார்த்துப் போடுறார்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.